மேல்காயம்

நவம்பர் 4, செவ்வாய்

இந்த டைரியின் அட்டையில் ஒரு போர்வெல் லாரி படம் இருக்கிறது. அப்பா வேலை செய்யும் ரிக் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை மாதம் பீரோவுக்கு மேல் தூங்கியதை இன்று, அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, எழுப்பியவர் டாக்டரம்மா.

"காயத்தைத் தெனமும் பாத்து எழுதி வைப்பா. செவந்திருக்கா, வீங்கியிருக்கா, ஈரமா இருக்கா, காய்ச்சல் அடிக்குதான்னு. அடுத்த தடவ வர்றப்ப கொண்டு வா" என்றார்.

ஆகவே இது என் டைரி இல்லை. என் அம்மா கோகிலவாணியின் வயிற்றினுடைய டைரி. எழுத்தர்: சபரீஷ், பதினொன்றாம் வகுப்பு, திருச்செங்கோடு.

வயிற்றில் நான்கு காயங்கள். தொப்புளில் ஒன்று, வலது விலாவுக்குக் கீழே இரண்டு, நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் ஒன்று. கடைசியானதற்கு நான் வைத்த பெயர் மேல்காயம். அந்த வழியாகத்தான் பித்தப்பையைக் கல்லோடு வெளியே இழுத்தார்களாம். சாவித்துளை ஆபரேஷன் என்று பேர். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுச் சாவியைத் தொலைக்கிற அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆபரேஷன் கிடைக்காது.

அப்பா சத்தீஸ்கரில் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறார். டாக்டரம்மா அம்மாவைத் துளைத்துக் கல் எடுத்திருக்கிறார். "நம்ம குடும்பத்துக்குத் தொளையிலதாம்மா யோகம். உனக்கு நாலு போர் போட்டும் சொட்டுத் தண்ணி வரலியே" என்று ஆட்டோவில் சொன்னேன். அம்மா சிரித்தாள். சிரித்த வேகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கண்ணில் வந்தது.

"பாவி, சிரிப்புக் காட்டாதடா. தையலு இழுக்குது."

ஆக, வீட்டில் நகைச்சுவைக்குத் தடை. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. காயத்தில் தண்ணீர் படக் கூடாது.

கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார், "வீட்டுக்காரரு வரலியாம்மா?"

"வண்டி காட்டுக்குள்ள நிக்குதுங்க. டவர் இல்ல" என்றாள் அம்மா.

தீபாவளிக்கும் அதே காட்டில்தான் நின்றது.

காயம்: நான்கும் பிளாஸ்திரிக்குள். எப்படி இருக்கின்றன என்று தெரியாது. யார்தான் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நவம்பர் 5, புதன்

தோள்பட்டை வலிக்கிறது என்கிறாள். வயிற்றில் ஆபரேஷன், வலி தோளில். விலாசம் தவறிய வலி என்றேன். தலையணையை எடுத்துக்கொண்டாள். பிறகு அதாலேயே என்னை அடித்தாள். உள்ளே செலுத்திய வாயு மிச்சம் இருந்தால் அப்படி வலிக்குமாம், நடந்தால் போகும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார். வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்க வைத்தேன்.

நடக்கும்போது அவள் கழுத்தில் மஞ்சள் கிழங்கு ஊசலாடியது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன் எல்லா நகையும் கழட்டச் சொன்னார்கள். தாலிக்கொடியைக் கழட்டிய அம்மா, வெறுங்கழுத்தோடு படுக்க மாட்டேன் என்று ஒரு மஞ்சள் கயிற்றில் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். தியேட்டரில் அதைத் தோளில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தார்களாம். கொடி இப்போது பீரோவில், பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது.

"கொடிய எடுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். ஒருக்கா கழுத்த விட்டு எறங்குனா உங்கப்பா வந்து அவரு கையாலதான் கட்டோணும். அது வரைக்கும் இது இருக்கட்டும்."

சாயங்காலம் பால்காரர் போன் செய்தார். நான் எடுத்து "ம், சொல்லுங்க" என்றேன். "அட வேலு, எப்ப வந்தே ஊருக்கு?" என்றார். அப்பா பெயர் செங்கோட்டுவேல். போன வருடம் குரல் உடைந்ததிலிருந்து என் குரல் அப்படியே அப்பாவுடையது. கரகரப்பு, நடுவில் ஒரு செருமல் எல்லாம் சேர்த்து. நானும் விடவில்லை. "நேத்துத்தான் வந்தனுங்க. நாளையிலிருந்து அரை லிட்டர் சேத்து ஊத்துங்க" என்றேன்.

அம்மா கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் சிரிப்பு நின்ற பிறகும் தலையணையை விடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

முதல் முறை பிளாஸ்திரி மாற்றினேன். வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு சாவித்திரி அக்கா இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவார், அப்புறம் அவருக்கும் நான்தான் பார்க்க வேண்டும்.

சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அம்மா நெஞ்சுக்கு ஒரு துண்டு, இடுப்புக்கு ஒரு துண்டு போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு சாண் வயிற்றை மட்டும் எனக்கு ஒதுக்கினாள். முகத்தை ஃபேனுக்குத் திருப்பிக்கொண்டாள். நானும் முடிந்தவரை மின்சார வாரிய ஊழியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

காயங்கள் சின்னவை. இதற்கா இவ்வளவு வலி என்று தோன்றும் அளவுக்கு. பெருங்காயம் சமையலுக்கு, சிறுகாயம் உனக்கு என்றேன். "வாய மூடிட்டு வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை என்பதால் உடம்பைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்கும் கிழங்குக்கும் புதிதாக மஞ்சள் குழைத்துப் பூசினாள். ஈரம் காயும் வரை சேலைக்குள்ளேயே தொங்கியது.

காயம்: நான்கும் உலர்ந்திருக்கின்றன. காய்ச்சல் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ரிக் மேனேஜர் பொன்னரசுக்கு என் போனிலிருந்து பேசினேன். அப்பாவுக்குச் செய்தி சொல்லச் சொல்லலாம் என்று. நிறைய நேரம் பேசினார். சுருக்கம்: வண்டி காட்டுக்குள் நிற்கிறது. டவர் இல்லை.

அம்மாவிடம் சுருக்கத்தைச் சொன்னேன். "அதத்தான நானும் சொன்னேன்" என்றாள்.

இந்தப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. என் வகுப்பு ரியாஸ் கணக்குப்பதிவியல் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஒரு போட்டோவில் நோட்டைவிட அவன் கட்டைவிரல் பெரிதாக இருந்தது.

ரிக் ஆட்கள் பாஷையில் "வண்டிய விட்டு எறங்கிட்டான்" என்றால் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று அர்த்தம். சும்மா எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தொப்புள், விலா இரண்டும் நன்று. மேல்காயம் ஓரத்தில் சிவப்பு.

நவம்பர் 12, புதன்

சிவப்பு பெரிதாகியிருக்கிறது. தொட்டால் சூடு. பிளாஸ்திரியை எடுத்தபோது ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது. வாசனை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள். ஃபேனுக்குத் திருப்பிய முகம் அதற்குள் எப்படித் திரும்பியதோ.

"நெம்ப நாறுதா கண்ணு?"

"நேத்து வெச்ச ரசம் அளவுக்கு இல்ல."

சிரிக்கவில்லை. தலையணையை எடுக்கக்கூட இல்லை.

நவம்பர் 13, வியாழன்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மேல்காயத்தின் தையலை வெட்டி அமுக்கினார். என்ன வந்தது என்று எழுதப் போவதில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், வளையல் போட்ட மாதிரி நான்கு விரல் தடம் இன்னும் இருக்கிறது.

"பையை இந்த வழியாத்தான் எடுத்தோம். அதனால சில பேருக்கு இப்பிடி ஆகும். பயப்படாதீங்க. தெறந்தே விட்டு உள்ளேயிருந்து ஆற வெக்கணும்" என்றார். உப்புத் தண்ணீர் பாட்டிலால் கழுவி, இடுக்கியில் துணி நாடாவைப் பிடித்துக் குழிக்குள் மடித்து மடித்து வைப்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தினமும் நான் செய்ய வேண்டும். திணிக்கக் கூடாது, நிரப்பினால் போதும். பழைய துணியைப் பிடுங்கக் கூடாது, நனைத்து எடுக்க வேண்டும்.

"கை நல்லா வருதே. டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்லீங்க, நான் காமர்ஸ்."

டைரியைக் கேட்டார். தாளில் தனியாக எழுதி வந்ததைக் கொடுத்தேன். இதைக் கொடுக்க முடியாது என்பது பால்காரர் கதையை எழுதிய பக்கத்திலேயே புரிந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

கழுவினேன். துணி வைத்தேன். என் சுண்டுவிரல் நுனி போகும் அளவு குழி. அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முடிந்ததும் வாசலில் போய் உட்கார்ந்தேன். சாவித்திரி அக்கா ரசம் கொண்டுவந்தவர், "ஏண்டா கண்ணு, அழுதயா?" என்றார். வெங்காயம் உரித்தேன் என்றேன். "கையில ஒண்ணையும் காணோமே?" அக்காவுக்கு இரத்தம்தான் ஆகாது, மற்றதெல்லாம் நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை. மறுபடியும் மஞ்சள்.

நவம்பர் 16, ஞாயிறு

குழி சின்னதாகவில்லை. எடுக்கிற துணி மஞ்சளாக வருகிறது. சீழ் என்று நினைத்துக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன். மாத்திரை நேரத்துக்குத் தருகிறேன். எங்கே தப்புச் செய்கிறேன் என்று தெரியவில்லை.

காயம் ஆற வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

நவம்பர் 17, திங்கள்

தப்பு என்னுடையது இல்லை. அதனால் சந்தோஷப்பட முடியவில்லை.

டாக்டரம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். அப்புறம் அம்மாவின் கழுத்துக் கயிற்றை ஒரு விரலால் தூக்கினார். மஞ்சள் கிழங்கு நேராக மேல்காயத்துக்கு மேல் வந்து நின்றது, அளந்து தொங்கவிட்ட மாதிரி. ஓரம் ஊறி, மெழுகிப் போய், அடியில் கறுப்பாக இருந்தது.

"இத நனைக்கிறீங்களா?"

"மஞ்சப் பூசறதுங்க."

"அந்த ஈரம் பூரா பிளாஸ்திரிக்குள்ள எறங்குதும்மா. பையன் தெனம் கழுவுறான், இது தெனம் அழுக்காக்குது. கழட்டி வெச்சிருங்க. சேலைக்கு வெளிய போடறது, தோள்ல ஒட்டறது எல்லாம் வேண்டாம், தூக்கத்துல நழுவி வந்துரும். ஆறுற வரைக்கும் கழுத்துல ஒண்ணும் வேண்டாம்."

"மஞ்ச நல்லதுதானுங்களே?"

"கொழம்புக்கு நல்லது. தெறந்த காயத்துக்கு இல்ல. இப்பிடியே விட்டா உள்ள தையல் விட்டுப்போகும். மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வரும். இந்தத் தடவ சின்னத் தொளையெல்லாம் இல்ல, கிழிக்கணும்."

அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் என் ஆசிரியர்களுக்குத் தருவது. ஒத்துக்கொள்கிற மாதிரியே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலோடு போனேன்.

"கிட்ட வந்தே, பாத்துக்கோ."

"அம்மா, டாக்டர் சொன்னாங்கள்ல?"

"அவங்க சொல்லுவாங்க. அந்த மனுசன் எந்தக் காட்டுல எந்த மிசினுக்குக் கீழ நிக்கறாரோ. இருக்கற கவுத்தயும் அவுத்துட்டு வெறுங்கழுத்தா நான் உக்காந்திருக்கவா?"

சத்தம் கேட்டு வந்த சாவித்திரி அக்காவும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். "புருசன் கல்லாட்டம் இருக்கறப்ப எவளாச்சும் கழட்டுவாளா. வாயில கூட வரக் கூடாது தம்பி."

கல்லாட்டம்தான் இருக்கிறார் அக்கா. அதற்கு ஆபரேஷன் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காய்ச்சல். நூற்று ஒன்று.

9-ஆம் தேதி பக்கத்தில் இடம் விட்டேன் அல்லவா. மேனேஜர் சொன்னதில் நான் எழுதாதது இது: வண்டி காட்டுக்குள் எல்லாம் இல்லை. அப்பா ஆடியிலேயே வண்டியை விட்டு இறங்கிவிட்டார். ராய்ப்பூர் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். வீட்டில் ஆள் இருக்கிறது. "உனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல தம்பி. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். நம்பரையே மாத்திட்டான்" என்றார். ராய்ப்பூர் பெரிய ஊர். அங்கே டவருக்கு என்ன பஞ்சம்.

அம்மாவுக்குத் தெரியாது. காயம் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது ஆறினால்தான் சொல்ல முடியும், கயிற்றைக் கழட்டினால்தான் ஆறும், அப்பா வந்தால்தான் கழட்டுவாள். அப்பா வர மாட்டார். இதைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தால்கூட விடை வராது.

தினமும் கட்டுப் போடுவது நான். கட்ட வேண்டியவர் வேறு ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 19, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. மேல்காயத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. டாக்டரம்மா போனில், "நாளைக்குள்ள கொறையலீன்னா வந்து அட்மிட் ஆயிருங்க" என்றார்.

அம்மா சாப்பிடவில்லை. தடையை நானே உடைத்தேன். தலைமையாசிரியர் மாதிரி பேசிக் காட்டினேன், மினி பஸ் கண்டக்டர் மாதிரி பேசிக் காட்டினேன், சாவித்திரி அக்கா மயங்கி விழுவதை விழுந்தே காட்டினேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஓடாத டிவியைப் பார்க்கிற மாதிரி. தலையணை கால்மாட்டில் கிடந்தது.

கட்டு மாற்றும்போது கிழங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். என் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று.

நவம்பர் 20, வியாழன்

காலையில் ரியாஸ் கடைக்குப் போனேன். அவன் அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாத நம்பர் ஒன்று வேண்டும் என்றேன்.

"யாரக் கலாய்க்கப் போறே?" என்றான்.

"எங்கம்மாவ."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு பழைய போனில் சிம் போட்டுக் கொடுத்தான். ஈரோடு ரோட்டில் ரிக் லாரி பட்டறை இருக்கிறது. அங்கே கம்ப்ரசரை ஓடவிட்டுச் சோதனை பார்ப்பார்கள். அந்தச் சுவரோரம் நின்றுகொண்டு போன் செய்தேன். சத்தம் அப்பாவின் வேலையிடத்துச் சத்தமேதான். இத்தனை நாள் செய்ததெல்லாம் விளையாட்டு என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

"அலோ?"

செருமினேன். "ஏ புள்ள. நாந்தான்."

கம்ப்ரசர் மட்டும் ஓடியது.

"சாப்டியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "ம்" என்றாள். "நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சு. இங்க டவரே இல்ல. இது கடக்காரன் நம்பரு. பையன் மேனேஜருகிட்டப் பேசியிருக்கான். அவரு எனக்குச் சொன்னாரு. காயம் ஆறலியாமே?"

"ஆமாங்க."

"கவுத்தக் கழட்டி வெய்யி. டாக்டரு சொன்னாச் செய்யோணும். நான் வந்து கொடியக் கட்டி விடறேன். நாஞ் சொல்றேன், கழட்டு."

"எப்ப வருவீங்க?"

"வேல முடிஞ்சதும்" என்றேன்.

"பையன் பள்ளிக்கூடம் போறதில்லீங்க. என்னப் பாக்கறதுலயே கெடக்கறான். சரியாத் திங்கறதில்ல, தூங்கறதில்ல. அவனுக்கு ஒண்ணு சொல்லுங்க."

"என்ன சொல்லட்டும்?"

"நல்லாப் பாத்துக்கறான்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். பட்டறை ஆள் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என்ன ஏது என்று கேட்காமல் நீட்டினார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கயிறும் கிழங்கும் சாமி படத்து ஆணியில் தொங்கின. கழுத்தைச் சுற்றிக் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்த கோடாகத் தெரிந்தது.

"உங்கப்பா கூப்பிட்டாரு" என்றாள்.

"அப்பிடியா. என்ன சொன்னாரு?"

"கழட்டச் சொன்னாரு."

கழுவினேன். துணி வைத்தேன். தூக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் அவள் கை சும்மா காற்றில் கொஞ்ச நேரம் நின்றது.

நவம்பர் 21, வெள்ளி

காய்ச்சல் தொண்ணூற்று ஒன்பது. வெள்ளிக்கிழமை, மஞ்சள் இல்லை. சாவித்திரி அக்கா குரல் கேட்டதும் அம்மா முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "குளுருதுங்க்கா" என்றாள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

நவம்பர் 24, திங்கள்

துணி வெள்ளையாகவே வருகிறது. குழிக்குள் சிவப்பாகப் புதுச் சதை. டாக்டரம்மா, "இப்பத்தான் ஆறுது" என்றார். அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். எனக்கு நாலு வைத்தாள். இதையெல்லாம் எழுதும் அளவுக்கு நான் ஆகிவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

இனிமேல் துணி வேண்டாம். மேலே ஒரு பிளாஸ்திரி போதும். நான் செய்த பிராங்குகளிலேயே உருப்படியாக வேலை செய்தது இது ஒன்றுதான். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ரியாஸ் போனைத் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

காயம்: நான்கும் மூடிவிட்டன. டாக்டரம்மா கை குலுக்கினார். இனிமேல் எழுத வேண்டாம் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. அம்மா ஜன்னலோரம். பட்டறை தாண்டும்போது கம்ப்ரசர் சத்தம் கேட்டது. அவள் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள், பஸ் வளையும் வரை பார்த்தாள்.

"இங்கிருந்துதான் பேசினயா?"

நான் பஸ்ஸின் மேற்கூரையைப் பார்த்தேன். ஃபேன் இல்லை.

"யாரும்மா? என்ன?"

"சபரி. அந்த மனுசன் கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒருக்காக்கூட என்னைச் சாப்டியான்னு கேட்டதில்லடா."

கண்டக்டர் வந்தார். டிக்கெட் எடுத்தாயிற்று என்றேன். என்ன குரலில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏம்மா கழட்டுன?"

"நீ சொன்னியே."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "மேனேஜரு எனக்கு ஆடி மாசமே சொல்லிட்டாரு. உனக்குப் பரீச்ச முடியட்டும்னு இருந்தேன்."

"நான் உனக்குக் காயம் ஆறட்டும்னு இருந்தேன்."

இதில் எங்கோ ஒரு ஜோக் இருக்கிறது. எனக்கு எட்டவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அந்தக் கெழங்கப் புடிச்சிட்டுக் கெடந்த? செத்திருப்பம்மா."

"கழட்டிட்டா அவரு வர மாட்டாருங்கறது நெசமாயிரும்ல" என்றாள். டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி ஊசி மாதிரி ஆக்கிவிட்டிருந்தாள்.

வீட்டில் அவளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனாள். நான் பிடுங்கினேன். சமைத்தாள். சாப்பிட்டோம். சாமி படத்து ஆணியில் கயிறு இன்னும் தொங்குகிறது. எடுத்து எங்கே போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த போனு இருக்குதா உங்கிட்ட?"

"இருக்குது."

"மேல மாடிக்குப் போயி என்னைய ஒருக்கா கூப்பிடு. அவரு நம்பருதான் இல்ல. எனக்கு அவருகிட்ட ஒண்ணு கேக்கோணும்."

வேண்டாம்மா என்றேன். அவள் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடிக்குப் போனேன். கம்ப்ரசர் இல்லை, சத்தமே இல்லை. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

செருமினேன். "ஏ புள்ள."

"ஏனுங்க போனீங்க?"

அவள் குரல் போனில் ஒரு தடவையும் படிக்கட்டு வழியாக ஒரு தடவையும் வந்தது.

"நான் என்னங்க கொற வெச்சேன்? சொல்லிட்டாச்சும் போயிருக்கலாமில்ல? ஏன் போனீங்க?"

செருமிப் பார்த்தேன். இன்னொரு தடவை செருமினேன். அப்பாவின் குரல் தொண்டையில்தான் இருந்தது. அதில் வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன், என் குரலில்.

கீழே அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.